மூளைக்குள் ஊறும் அபின்: தாய், குட்டி, பாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாய்க்குட்டி முதல் ராத்திரி தானும் தூங்காது, வீட்டில் யாரையும் தூங்க விடாது. வயிறு நிறையப் பால் குடித்திருக்கும், பழைய போர்வையை மடித்துப் போட்டிருப்போம், யாரும் ஒரு அடி அடித்திருக்க மாட்டோம், இருந்தும் விடிய விடிய ஊளை. எதற்கு அழுகிறது என்றால் "தாயை விட்டு வந்திருக்கே, பாவம்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவார். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பிரிவு குட்டியின் மூளைக்குள் என்னவாக இருக்கிறது என்று கேட்டால் கதை அபினில் போய் நிற்கிறது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

மூளைக்குள் அபினா? யார் கொண்டுபோய் வைத்தது?

யாரும் வைக்கவில்லை, மூளையே செய்துகொள்கிறது. அபின் என்பது கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால். அதிலிருந்து எடுப்பது மார்ஃபின். எங்கோ முளைக்கும் ஒரு செடியின் பால் மனித மூளையில் இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்றால், அதைப் பிடித்துக்கொள்ள மூளையில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அந்த ஏற்பியைக் காட்டினார்கள். கசகசாச் செடியை எதிர்பார்த்து மூளை ஏற்பி செய்து வைத்திருக்க முடியாது, ஆகவே அதில் உட்காரும் பொருள் உடம்புக்குள்ளேயே ஊற வேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அதையும் பிரித்தெடுத்து என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் எண்டார்ஃபின், டைனார்ஃபின் என்று குடும்பம் பெருகியது. எண்டார்ஃபின் என்றாலே 'உள்ளே ஊறும் மார்ஃபின்' என்றுதான் பொருள்.

இவை உட்காரும் ஏற்பிகளில் முக்கியமானவை மூன்று: மியூ, டெல்டா, கப்பா. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மியூவின் கதைதான். கப்பா எதிர்க்கட்சி, நடுவில் ஒருமுறை வந்து போகும்.

வலி மருந்துக்கும் தாய்ப்பாசத்துக்கும் என்ன சம்பந்தம்? முதலில் யாருக்குத் தோன்றியது?

யாக் பாங்க்செப் என்பவருக்கு. எஸ்டோனியாவில் பிறந்து, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர், 2017-இல் காலமானார். போதைக்கு அடிமையானவரையும் தாயை ஒட்டிக்கொண்டு திரியும் குட்டியையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் அது இல்லாமல் இருக்க முடியாத நிலை. அப்புறம் பழகப் பழக அதன் கிறக்கம் குறைகிறது. திடீரென்று நிறுத்தினால் அழுகை, தவிப்பு, தூக்கமின்மை, பசியின்மை. இரண்டுக்கும் ஒரே பட்டியல்! அப்படியானால் தாயின் அருகாமை குட்டியின் மூளையில் கொஞ்சம் அபினைச் சுரக்க வைக்கிறதோ, பிரிவு என்பது அந்தச் சுரப்பு வற்றுவதோ என்று யோசித்தார்.

யோசனையோடு நிற்கவில்லை. 1978-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், தனியாக விடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு மிகக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தபோது ஊளை சட்டென்று குறைந்தது. கினிப் பன்றிக் குட்டிகளிடமும் கோழிக்குஞ்சுகளிடமும் அதே கதை. எதிர்ப்பக்கமாக, அபினை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும் நலோக்சோன் கொடுத்தால் கினிப் பன்றிக் குட்டிகளின் கத்தல் கூடியது. நலோக்சோன் என்பது அளவுக்கு மீறி ஹெராயின் ஏறியவர்களின் உயிரைக் காப்பாற்றப் போடும் அதே மருந்துதான்.

மார்ஃபின் கொடுத்தால் யாரும் மயங்கத்தானே செய்வார்கள்? அழுகை குறைந்ததில் என்ன அதிசயம்?

நியாயமான சந்தேகம், அந்தக் காலத்திலேயே பலர் கேட்டதுதான். முதல் பதில் அளவு. குட்டியைத் தூங்க வைக்கத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த அளவிலேயே அழுகை அடங்கியது, குட்டி விழித்துக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது பதில், நலோக்சோன் தனியாகவே எதிர் விளைவைத் தருவது. வெளியிலிருந்து எந்த அபினும் கொடுக்காதபோது அதைத் தடுக்கும் மருந்து அழுகையைக் கூட்டுகிறது என்றால், உள்ளே ஏற்கனவே ஏதோ ஒன்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை. கோழிக்குஞ்சை இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்தவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும்: முதலில் கீச்கீச்சென்று கத்தும், காலால் உள்ளங்கையைப் பிறாண்டும், அப்புறம் சத்தம் இறங்கும், தலை மெல்லத் தொங்கும், கண்ணிமை கீழிருந்து மேலே ஏறி மூடிக்கொள்ளும். தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்கிறது போலும். 1980-இல் பாங்க்செப் குழு இதையே சோதனையாக்கியது. நலோக்சோன் போட்ட குஞ்சுகளைக் கையில் பொத்தினால் அடங்கிக் கண்மூட அதிக நேரம் ஆனது. அதே கை, அதே சூடு, அதே இருட்டு. ஏற்பி அடைபட்டிருந்ததால் அந்தச் சுகம் உள்ளே போய்ச் சேரவில்லை.

மூளையில் இது எந்த இடத்தில் நடக்கிறது?

கினிப் பன்றிகளின் மூளையில் நுண்ணிய மின்கம்பி வைத்துத் தூண்டிப் பார்த்தபோது, நடுமூளையின் ஒரு சாம்பல் நிறப் பகுதியிலிருந்து மேலே போகும் பாதையில் பல இடங்களில் தொட்டால், தாய் பக்கத்தில் இருந்தாலும் 'தாயைக் காணோம்' என்கிற அதே கத்தல் வந்தது. அந்த நடுமூளைப் பகுதி உடல் வலியைக் கட்டுப்படுத்துவதிலும் பெரிய ஆள். பிரிவுத் துயரம் என்பது பழைய வலிப் பாதையின் மேலேயே பிற்காலத்தில் கட்டப்பட்ட மாடி என்பது பாங்க்செப்பின் கருத்து. 'பிரிவு வலிக்கிறது' என்று நாம் சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை போல.

ஏற்பியே இல்லாத குட்டி பிறந்தால் எப்படி இருக்கும்?

அதையும் செய்து பார்த்தார்கள். 2004-இல் இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. மியூ ஏற்பிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். சுண்டெலிக் குட்டி தனியாக விடப்பட்டால் நம் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் கத்தும், தாய் அதைக் கேட்டு வந்து கவ்விக்கொண்டு போகும். ஏற்பி இல்லாத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தபோது அவை மிகக் குறைவாகவே கத்தின.

கத்தத் தெரியாத குட்டிகளோ என்று கேட்கலாம். இல்லை. குளிரில் வைத்தால் கத்தின. அயல் ஆண் சுண்டெலியின் வாசனை காட்டினாலும் கத்தின, ஏனென்றால் அயல் ஆண் குட்டியைக் கொன்றுவிடக்கூடியது. குளிர் தெரிகிறது, ஆபத்து தெரிகிறது, தொண்டையும் நன்றாகத்தான் இருக்கிறது. தாய் இல்லை என்பது மட்டும் அவற்றுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. தன் தாயின் கூட்டு வாசனையையும் வேறு வாசனையையும் காட்டினால், சாதாரணக் குட்டி தாயின் பக்கம் போகும். இவை அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது இதில்தான். அபின் அழுகையைக் குறைக்கிறது என்றால், அபின் வேலையே செய்யாத குட்டி ஓயாமல் அல்லவா அழ வேண்டும்? ஒருபோதும் ருசித்திராத ஒன்றை யாரும் தேட மாட்டார்கள், அவ்வளவுதான். நலோக்சோன் போட்ட குட்டிக்கு அந்தச் சுகம் தெரியும், இப்போது கிடைக்கவில்லை, அதனால் கூடுதலாக அழுகிறது. ஏற்பி இல்லாமலே பிறந்த குட்டிக்குத் தாயின் அருகாமை என்றைக்குமே இனித்ததில்லை. குறைந்தால் தேடும், கிடைத்தால் அடங்கும், இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் பாசம் என்கிறோம். மேலே படிக்கும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

கப்பா எதிர்க்கட்சி என்றீர்களே?

ஆமாம். 1990-களின் தொடக்கத்தில் மைரன் ஹோஃபரின் குழு எலிக்குட்டிகளிடம் தனித்தனி ஏற்பிகளைத் தூண்டிப் பார்த்தது. மியூவையும் டெல்டாவையும் தூண்டினால் தனிமைக் கத்தல் குறைந்தது, கப்பாவைத் தூண்டினால் கூடியது. 'எண்டார்ஃபின் என்றால் ஆனந்தம்' என்று எழுதுபவர்கள் இந்தக் குடும்பத்திலேயே மனசைக் கசக்கும் ஓர் உறுப்பினர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

பால் குடித்ததும் குட்டி அமைதியாகிறதே, அது வயிறு நிறைந்ததாலா, தாயின் உடம்பு பட்டதாலா?

இரண்டும், ஆனால் வேறு வேறு பாதைகளில். எலியட் பிளாஸ் என்பவர் பல வருடம் இதையே நோண்டிக்கொண்டிருந்தார். எலிக்குட்டியின் வாயில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரோ பாலோ விட்டால் கத்தல் குறைகிறது, வலி தாங்கும் திறனும் கூடுகிறது. நலோக்சோனின் அண்ணன் மாதிரியான நால்ட்ரெக்சோனைக் கொடுத்தால் அந்த விளைவு காணாமல் போகிறது. ஆகவே இனிப்பு, பாலின் ருசி இவையெல்லாம் அபின் வழி. ஆனால் 1990-இல் அவரே வெளியிட்ட ஆய்வில், தாயின் உடம்போடு ஒட்டியிருப்பதால் வரும் அமைதியை நால்ட்ரெக்சோனால் கலைக்க முடியவில்லை. எலிக்குட்டியிடம் தொடுகைக்கு என்று தனிப் பாதை ஒன்று இருக்கிறது.

கோழிக்குஞ்சுக் கதையோடு இது முட்டுகிறதே என்றால், முட்டத்தான் செய்கிறது. பறவை வேறு, எலி வேறு. முட்டையிலிருந்து வந்த அன்றே ஓடித் திரியும் குஞ்சும், கண் திறக்காமல் மயிரில்லாமல் பிறக்கும் எலிக்குட்டியும் ஒரே ஏற்பாட்டோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மனிதக் குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது என்று 1991-இல் பிளாஸ் காட்டினார், இன்று பல மருத்துவமனைகளில் இது வழக்கம். அது செவிலியர் கையால் அளவோடு செய்வது, வீட்டில் அழும் கைக்குழந்தைக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் புகட்டக் கிளம்பிவிடாதீர்கள்.

தாய்க்கு அபின் ஏறினால் பாசமும் ஏறுமா?

எந்தத் தாய் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

எலித் தாய்க்கு மார்ஃபின் கொடுத்தால் பாசம் கெடுகிறது. 1980-களில் ராபர்ட் பிரிட்ஜஸ் செய்த சோதனைகளில், மார்ஃபின் ஏறிய எலித் தாய், குட்டிகள் கூண்டின் நாலு மூலையிலும் கிடந்தாலும் கவ்வி வந்து கூட்டில் சேர்க்கவில்லை. கூடவே நலோக்சோன் கொடுத்தால் பழையபடி தாயாகிவிட்டது. மூளையின் அடிப்பகுதியில், தாய்மை நடத்தைக்கே அச்சாணியாக இருக்கும் ஒரு சிறிய பகுதியில் மட்டும் மார்ஃபின் விட்டாலே போதுமானதாக இருந்தது. இயற்கையும் இதற்கு ஏற்றபடிதான் நடக்கிறது. எலியின் சினைக்காலத்தில் அந்தப் பகுதியில் எண்டார்ஃபின் அதிகம், பாலூட்டும் காலத்தில் குறைவு. குட்டியைத் தேடித் தேடிக் கவ்வ வேண்டிய நேரத்தில் தாய்க்கு ஏற்கனவே எல்லாம் நிறைந்திருந்தால் எதற்கு எழுந்து போகப்போகிறாள்?

செம்மறி ஆட்டிடம் கதை தலைகீழ். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கம் பாரி கெவர்னும் கீத் கென்ட்ரிக்கும் செய்த ஆய்வுகளில், அபின் ஏற்பியை அடைத்தால் ஆடு குட்டியை ஏற்பது குறைந்தது, மார்ஃபின் கொடுத்தால் கூடியது. ஆட்டுக்கு ஈன்ற இரண்டொரு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைப் படித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும், மந்தையில் மற்றக் குட்டிகள் வந்து மடியில் முட்டினால் உதைத்துத் தள்ள வேண்டும். எலிக்கு அந்தத் தொல்லை இல்லை, கூட்டில் கிடப்பது எதுவானாலும் நக்கிப் பாலூட்டும். வேலை வேறு என்பதால் மருந்தின் விளைவும் வேறு என்பது என் கணிப்பு. நம் ஊர்களில் கன்று செத்துப்போன பசுவிடம் பால் கறக்க, கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்த தோற்கன்றை முன்னால் நிறுத்துவார்கள். அந்த வாசனைப் பூட்டை ஏமாற்றும் வித்தைதான் அது.

குரங்கு மூன்றாவது ரகம். ரீசஸ் குரங்குத் தாய்க்கு நலோக்சோன் கொடுத்தால் குட்டிக்குப் பேன் பார்ப்பது குறைகிறது, முன்போல அக்கறையாகக் காவல் காப்பதில்லை. பாலூட்டுவது நிற்கவில்லை, குட்டி வந்து ஒட்டினால் தள்ளிவிடவும் இல்லை. கடமை நடந்தது, கொஞ்சல் போய்விட்டது.

மாடு நஞ்சுக்கொடியைத் தின்ன வருமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, கேட்டதற்கு நன்றி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் மார்க் கிறிஸ்டல் எலிகளிடம் இதை ஆராய்ந்தார். நஞ்சுக்கொடியோ பனிக்குட நீரோ தனியாக வலியைக் குறைப்பதில்லை, ஆனால் உடம்பு ஏற்கனவே சுரந்துகொண்டிருக்கும் அபினின் வலியடக்கும் வேலையைக் கூட்டிவிடுகிறது. பனிக்குட நீரைக் குடித்த பசுக்களுக்கும் வலி தாங்கும் திறன் கூடியது என்று பிறகு பார்த்தார்கள். நம் கிராமங்களில் நஞ்சுக்கொடியை மாடு தின்றுவிடாமல் காத்திருந்து எடுத்து, வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது வழக்கம். அதனால் மாடு ஒன்றும் பாசம் குறைந்து போய்விடவில்லை, கன்றை நக்கும்போதே பனிக்குட நீர் போதுமான அளவு உள்ளே போயிருக்கும். மேல்நாடுகளில் சிலர் தங்கள் நஞ்சுக்கொடியையே மாத்திரையாக்கி விழுங்குகிறார்கள், அதற்கு இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

குட்டியே இன்னொரு குட்டிக்குத் தாயாக நடக்குமா?

நடக்கும், இது பலருக்குத் தெரியாது. பால் மறக்கும் வயதில், அதாவது மூன்று வாரத்தில் இருக்கும் எலிக்குட்டியிடம் பிறந்த குட்டிகளைக் கொண்டுபோய் வைத்தால், ஓரிரு நாளிலேயே கவ்வி ஒரு இடத்தில் சேர்க்கும், நக்கும், மேலே படுத்துக் காக்கும். ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. பால் கிடையாது, பிரசவ ஹார்மோன் கிடையாது, ஆனாலும். இன்னும் ஈனாத வளர்ந்த பெண் எலிக்கு அதே நிலைக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும், முதல் சில நாள் குட்டியைக் கண்டாலே மூலைக்குப் போய்விடும். வளர்ந்த எலிக்கு அந்தப் புது வாசனை பயம், மூக்கு மணம் அறியாதபடி செய்துவிட்டால் அதுவும் சீக்கிரம் தாயாகிவிடுகிறது. சின்னதுக்கு அந்தப் பயம் இன்னும் முளைக்கவில்லை, நாலு வாரம் நெருங்கும்போதுதான் எட்டிப்பார்க்கிறது.

இதில் அபினின் பங்கு? இந்த வயதில் அபின் ஏற்பி மும்முரமாக வேலை செய்வது விளையாட்டில். ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து, புரட்டி, பிடரியில் மூக்கை நுழைக்கும் எலிக்குட்டிச் சண்டையைக் குறைந்த அளவு மார்ஃபின் கூட்டுகிறது, நலோக்சோன் குறைக்கிறது. தொட்டுக்கொண்டு கிடப்பதே ருசியாக இருக்கும் பருவம் அது. அந்த ருசி தாயிடமிருந்து உடன்பிறப்புக்கும், உடன்பிறப்பிடமிருந்து பக்கத்தில் கிடக்கும் பச்சைக் குட்டிக்கும் வழிந்து போகிறது என்று நான் நினைக்கிறேன். தம்பிப் பாப்பாவை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, காலைத் தரையில் இழுத்தபடி, கீழே விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆறு வயது அக்காவைப் பார்த்திருப்பீர்கள். வளர்ப்பதா விளையாட்டா என்று அவளிடம் கேட்டால் அவளுக்கே தெரியாது.

அடிக்கும் தாயிடமும் குட்டி போய் ஒட்டிக்கொள்வது ஏன்?

மனதைச் சங்கடப்படுத்தும் கேள்வி, பதிலும் அப்படித்தான். அமெரிக்காவில் ரெஜினா சல்லிவனின் குழு செய்த வேலை இது. ஒரு வாசனையைக் காட்டி கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், வளர்ந்த எலி அந்த வாசனையைக் கண்டு ஓடும். பிறந்து பத்து நாளுக்கு உட்பட்ட குட்டியோ அந்த வாசனையை நோக்கியே போகும்! வலிக்காமல் இல்லை, அதிர்ச்சி கொடுத்தால் துள்ளுகிறது. வலித்தும் விரும்பக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றலின்போது நால்ட்ரெக்சோன் கொடுத்து அபின் வழியை அடைத்தால் இந்த விருப்பம் உருவாவதில்லை.

ஏன் இப்படி ஒரு கொடூரமான ஏற்பாடு? கண் திறக்காத எலிக்குட்டிக்குத் தாயைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. தாய் சாதாரணமாகவே கூட்டுக்குள் வரும்போதும் போகும்போதும் குட்டிகளை மிதிப்பாள், காலைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பாள். அதற்கெல்லாம் பயந்து ஒதுங்கினால் பாலில்லாமல் செத்துவிடும். ஆகவே நடக்கத் தொடங்கும் வயது வரை, தாயிடமிருந்து வருவது எதுவானாலும் சரி, ஒட்டிக்கொள் என்று வயரிங் செய்யப்பட்டிருக்கிறது. பத்து நாளைத் தாண்டியதும் பயம் என்ற பாடம் திறக்கிறது, அப்போதும் தாய் பக்கத்தில் இருந்தால் இன்னும் சில நாள் மூடியே கிடக்கிறது.

எல்லாக் குட்டிகளும் ஒரே அளவு அழுவதில்லையே?

இல்லை. ரீசஸ் குரங்குகளில் மியூ ஏற்பி மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய வகை உண்டு. 2008-இல் வந்த ஆய்வில், அந்த மாற்றம் உள்ள குட்டிகள் திரும்பத் திரும்பப் பிரிக்கப்பட்டபோதும் அழுகையைக் குறைத்துக்கொள்ளவில்லை, சேர்த்து விட்டதும் தாயின் மேல் தொற்றிக்கொண்டே அதிக நேரம் இருந்தன. மனிதரிலும் அதை ஒத்த ஒரு மாற்றம் இருக்கிறது. ஆனால் "என் குழந்தை இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே, அந்த மரபணுவோ" என்று யாரும் சோதனைக்குக் கிளம்ப வேண்டாம், ஒரு எழுத்தை வைத்து ஒரு பிள்ளையைப் படிக்க முடியாது.

பாச ஹார்மோன் ஆக்ஸிடோசின்தானே? இது என்ன புதுசாக?

புதிதில்லை, ஆக்ஸிடோசின் புகழ் பெறுவதற்கு முன்பே பேசப்பட்ட கதை இது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எலியின் சினைக்கால முடிவில் அபின் ஆக்ஸிடோசின் வெளியாவதைப் பிடித்து வைத்து, பிரசவத்துக்கு என்று சேமிக்கிறது. ஒன்றை நாயகியாக்கி மற்றதை மறப்பது பத்திரிகைத் தலைப்புக்கு வசதி, மூளைக்கு அந்தக் கவலை இல்லை.

மனிதக் குழந்தைகளைப் பற்றி அதிகம் சொல்லவில்லையே?

பாங்க்செப் நாய்க்குட்டிக்குக் கொடுத்ததை மனிதர்கள் அவருக்கு வெகு முன்பே தங்கள் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலை வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற அபின் கலந்த பாகு புகட்டப்பட்டது. பம்பாய் பஞ்சாலைகளுக்குப் போன பெண்களும் கைக்குழந்தைக்குச் சிறிது அபினை ஊட்டிவிட்டு வேலைக்குப் போனது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு விசாரணைகள் வரை வந்த விஷயம். குழந்தை அழவில்லை, உண்மைதான். பசித்தும் அழவில்லை, அதனால் பாலும் கேட்கவில்லை. மெலிந்து செத்தவை ஏராளம், அளவு மீறிச் செத்தவை வேறு. அந்தத் தாய்மார்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, பன்னிரண்டு மணி நேர ஆலை வேலையைத்தான் திட்ட வேண்டும்.

இன்றைய வடிவம் வேறு. கர்ப்பத்தில் தாய் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போலவே வேலை செய்யும் மருந்தோ போதைப்பொருளோ எடுத்திருந்தால், தொப்புள்கொடி அறுந்ததும் குழந்தைக்குச் சப்ளை நிற்கிறது. கிறீச்சென்ற அழுகை, நடுக்கம், பால் குடிக்காமை. அமெரிக்காவில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மார்ஃபினையே சொட்டுச் சொட்டாகக் கொடுத்து மெல்லக் குறைப்பது நெடுநாள் வழக்கம். அப்புறம் சில மருத்துவர்கள் கேள்வியை மாற்றினார்கள்: குழந்தை குடிக்கிறதா, தூங்குகிறதா, தூக்கினால் தேறுகிறதா? இந்த மூன்றும் நடந்தால் மருந்து வேண்டாம். இருட்டான அமைதியான அறை, துணியில் சுற்றி வைப்பது, தாயின் நெஞ்சோடு அணைப்பது, இவைதான் முதல் மருந்து. 26 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் குழந்தை வீட்டுக்குப் போகத் தயாராகச் சராசரியாக 14.9 நாள் ஆனது, இந்த முறையில் 8.2 நாள். அபின் வற்றிப்போய்த் தவிக்கிற குழந்தையை, உள்ளே ஊற வைக்கக்கூடிய அணைப்பாலேயே தேற்றுகிறார்கள். பாங்க்செப் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அவர் சறுக்கிய இடமும் ஒன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளையில் இந்தச் சுரப்பு மிகுந்திருப்பதால்தான் அவர்கள் ஒதுங்கி இருக்கிறார்களோ என்று 1979-இல் எழுதினார். நால்ட்ரெக்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் துறுதுறுப்பு குறைந்தது, பழகும் விதம் மாறவில்லை. அழகான கருதுகோள், ஆனால் பலிக்கவில்லை.

வளர்ந்த நமக்கும் இது வேலை செய்கிறதா?

2016-இல் வந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சில நாள் நால்ட்ரெக்சோனும் சில நாள் வெற்று மாத்திரையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். நால்ட்ரெக்சோன் நாட்களில் அவர்கள் மற்றவர்களோடு நெருக்கமாக உணர்ந்தது குறைந்தது.

சரி, முதல் ராத்திரி அழும் அந்த நாய்க்குட்டிக்கு நான் என்ன செய்ய?

முதலில், எந்த மருந்தும் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் சொன்னார் என்று இருமல் டானிக்கைப் புகட்டுவது உட்பட. எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பதுதான் பெரிய உதவி. வரும்போதே தாய் படுத்திருந்த துணி ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள், வாசனை இருக்கட்டும், துவைத்துவிடாதீர்கள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி, சூடு பொறுக்கிற அளவுக்கு இருக்கிறதா என்று உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வையுங்கள். கூடையைத் தனி அறையில் வைக்காமல் உங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்து, கத்தும்போது ஒரு கையைத் தொங்கவிடுங்கள், மூக்கை உங்கள் விரலில் வைத்துக்கொண்டு அடங்கும். "கை கொடுத்தால் பழகிவிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பழகட்டுமே, அதற்குத்தானே கொண்டுவந்தோம். நாலைந்து நாள் தூக்கம் கெடும், அப்புறம் ஊளை நின்று வேறு பிரச்சினை தொடங்கும்: வாசலில் விட்ட செருப்பில் ஒன்றைக் காணோம்.